லக்ஸம்பர்க் மக்கள்

லக்ஸம்பர்க் மக்கள்: பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ் என்னும் மூன்று தேசங்களின் நடுவே, 2,586 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள லக்ஸம்பர்க் சிற்றரசைத் தாயகமாகக் கொண்ட ஜனசமூகத்தார். பெரும்பாலோர் கத்தோலிக்க மரபினர். இவர்களுடைய தாய்மொழியாகிய லெட்ஸபூர்கிஷ், ஜெர்மானியக் குடும்பத்தின் மோசெல் பிராங்கோனியக் கிளையைச் சேர்ந்தது. பிரெஞ்சும் ஜெர்மனும் நிர்வாகத்தில் நெடுங்காலமாக வழங்கிவந்த இந்நாட்டில், அது தேசிய பாஷை என்னும் ஸ்தானத்தைச் சட்டபூர்வமாக அடைந்தது 1984ஆம் ஆண்டிலேதான்.

சரித்திரம்: 963இல் சீக்பிரீட் என்னும் பிரபு, டிரையர் நகரத்து மடத்தாருக்கு வேறு நிலம் கொடுத்து, அல்ஸெட் நதியோரப் பாறைமீதிருந்த சிறு கோட்டையை மாற்றாகப் பெற்றதே இந்நாட்டின் தொடக்கமாகும். பின்னர் 1659இல் தென்பகுதி பிரான்ஸுக்கும், 1815இல் கிழக்குப் பகுதி பிரஷ்யாவுக்கும், 1839இல் மேற்குப் பகுதி பெல்ஜியத்துக்கும் சென்றமையால், ஆர்லோன் வட்டாரத்தாரைப் போல ஒரே பாஷை பேசுவோர் பலர் அயல்நாட்டுப் பிரஜைகளாயினர். நாஜி ஆக்கிரமிப்பின்போது, 1941 அக்டோபர் 10ஆம் தேதிக்கென ஏற்பாடான ஜனத்தொகைக் கணக்குப் படிவம் பிரஜாவுரிமை, தாய்மொழி, இனம் ஆகிய மூன்றையும் வினவி, லெட்ஸபூர்கிஷ் வட்டார வழக்கேயன்றித் தனிமொழி ஆகாது என்றும் அறிவுறுத்தியது. ஜனங்களோ மூன்று வினாக்களுக்கும் தங்கள் நாட்டின் பெயரையே விடையாக எழுதத் துணிந்திருந்ததை முன்கூட்டியே அறிந்த அதிகாரிகள் கணக்கெடுப்பையே கைவிட நேர்ந்தது.

குடிபெயர்ந்தோர்: நிலம் போதாத உழவர் குடும்பங்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் பானாட் பிரதேசத்திற்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரேசிலுக்கும், பெருந்தொகையினராக அமெரிக்காவின் விஸ்கான்சின், அயோவா, மினசோட்டா, இல்லினாய் ராஜ்யங்களுக்கும் சென்றன. அயோவாவின் டுபுக் நகரில் நிக்கோலஸ் கோன்னர் நடத்திய ‘லக்ஸம்பர்கர் கெஸட்’ 1871 முதல் 1918 வரை ஜெர்மன் பாஷையில் வெளிவந்தது. ஆயினும் அவரும் நண்பர் இருவரும் 1883இல் வெளியிட்ட ‘பிரெய்ரி மலர்கள்’ என்னும் கவிதைத் தொகுதி தாய்மொழியிலேயே அமைந்தது. புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைகனும், விஞ்ஞானக் கதைப் பத்திரிகையின் முன்னோடியான ஹியூகோ கெர்ன்ஸ்பாக்கும் லக்ஸம்பர்க்கில் பிறந்து அமெரிக்காவில் புகழெய்தியவர்கள்.

தற்காலம்: தெற்கே இரும்புத் தொழில் செழித்தபின் இத்தாலியரும், பிறகு போர்ச்சுகீசியரும் வந்து குடியேறினர்; இன்று மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் அயல்நாட்டுப் பிரஜைகள். 2008ஆம் ஆண்டுச் சட்டம், 1900 ஜனவரி 1ஆம் தேதியன்று லக்ஸம்பர்க் பிரஜையாயிருந்த ஒருவரின் சந்ததியார் குறித்த கெடுவுக்குள் அவ்வுரிமையை மீட்டுக்கொள்ள இடமளித்தது. குடியேறியவர் பிரஜையாவதற்கு லெட்ஸபூர்கிஷில் பேசித் தேர்வுபெற வேண்டியிருக்க, கடல் கடந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கோ முன்னோரின் பிறப்புப் பத்திரம் முதலிய ஆவணங்களே போதுமானவையாயின.