ஆவாரம்பட்டைத் தோலும் அச்சின் தெளிவும்

ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்பட்டுக் கடுக்காய்ச் சாற்றில் முடிவுபெற்ற தமிழகத் தோல், 19ஆம் நூற்றாண்டில் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்னும் பெயரில் சென்னைத் துறைமுகம் வழியே இலண்டன் சந்தைக்குச் சென்றது. 1903இல் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் தொடங்கிய சோதனைகளுக்குப் பின் பரவிய குரோம் தோல், அதாவது குரோமிய உப்பில் பதனிட்ட தோல், விரைவில் ஆயத்தமாகி வணிகத்துக்கு உதவினாலும், அழுத்திய வடிவைத் தக்கவைக்காமல் மீண்டெழுவதால் தோலில் அச்சு பதிக்கும் கலைக்கு இழப்பாகவே அமைந்தது. பட்டையின் துவர்ப்புப் பொருளான டானின் ஏறிய தோலோ, நனைந்தால் இளகி, உலரும்போது தான் பெற்ற பள்ளத்தை அப்படியே இறுக்கிக்கொள்ளும். வங்காளத்தில் 1922இல் தோன்றிய கிராமப் புனரமைப்பு நிலையமான ஸ்ரீநிகேதனில் வளர்ந்த தோற்கலைக்கும் இவ்வியல்பே ஆதாரம். முத்திரை தெளிவாக விழ, நனைத்த தோல் தன் பழைய நிறத்துக்கு ஏறத்தாழத் திரும்பும்வரை பொறுத்திருந்து, அடியில் கல்பலகையிட்டு, அச்சு நழுவாமல் நேராக அழுத்த வேண்டும். ஈரம் மிகுந்தால் கோட்டின் விளிம்பு மழுங்கும், குறைந்தால் பள்ளம் ஆழப்படாது.