ஒரே மூலம், பல வடிவங்கள்: டாக்புக்கின் முப்பது ஆண்டுகள்

கள ஆய்வில் திரட்டிய சொற்பட்டியலை மூன்று கோப்புகளில் வைத்திருந்தேன்: ஆய்வேட்டிற்கு ஒன்று, கருத்தரங்கக் கட்டுரைக்கு ஒன்று, தரவுத்தளத்திற்கு ஒன்று. ஈராண்டுக்குப் பின் பார்த்தபோது ஒரே வினைச்சொல்லுக்கு மூன்றிலும் மூன்று பொருள்கள் இருந்தன. எது திருத்திய பாடம், எது பழைய பாடம் என்று பிரித்தறிய இயலவில்லை. சுவடிப் பதிப்பாளர்கள் நன்கறிந்த இச்சிக்கலைத் திறமூல மென்பொருள்களுக்குக் கையேடு எழுதியவர்களும் எதிர்கொண்டனர். அவர்கள் கண்ட தீர்வின் வரலாறு மொழி ஆய்வாளர்களுக்கும் பயன்படக்கூடியது.

1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவர் ஜிஎம்எல் என்னும் குறிமொழியை உருவாக்கினர். ஒரு வரி எப்படித் தோன்ற வேண்டும் என்பதை விடுத்து, அது என்ன என்பதை மட்டும் மூலத்தில் குறிப்பது அதன் அடிப்படை. 'தடித்த எழுத்து' என்று எழுதாமல் 'தலைப்பு' என்று எழுதுவர். தோற்றத்தைப் பின்னர் நிரல் முடிவுசெய்யும். இக்கருத்து வளர்ந்து 1986இல் எஸ்ஜிஎம்எல் என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. அதன் எளிய வடிவமான எக்ஸ்எம்எல் 1998 பிப்ரவரியில் வெளிவந்தது.

இடையில், 1991இல், ஓ'ரைலி பதிப்பகமும் ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் நிறுவனமும் யூனிக்ஸ் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்ள டாக்புக்கை வகுத்தன. முதலில் எஸ்ஜிஎம்எல்லிலும் பின்னர் எக்ஸ்எம்எல்லிலும் அமைந்த இதில் கட்டளை, கோப்புப்பெயர், எச்சரிக்கை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி உண்டு. நார்மன் வால்ஷ் எழுதத் தொடங்கிய வடிவமாற்று நிரல்களின் துணையால் ஒரே மூலக் கோப்பிலிருந்து இணையப் பக்கமும் அச்சுநூலும் கட்டளை உதவிப்பக்கமும் கிடைத்தன. நோம், கேடிஇ, ஃப்ரீபிஎஸ்டி, போஸ்ட்கிரெஸ், பிஎச்பி ஆகிய திட்டங்கள் இதை ஏற்றன.

இவற்றுள் பிஎச்பி கையேட்டின் மொழிபெயர்ப்பு முறை தனியே கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பகுதியிலும், அது ஆங்கில மூலத்தின் எந்தத் திருத்தநிலையிலிருந்து பெயர்க்கப்பட்டது என்ற அடையாளம் பதிவாகிறது. மூலம் மாறினால் பெயர்ப்பு பின்தங்கியிருப்பது உடனே தெரிந்துவிடும்.

எனினும் இம்முறைக்கு ஒரு விலை இருந்தது. ஒரு வாக்கியத்தைத் திருத்த விரும்பும் நிரலாளரும் குறிகளைக் கற்று, திறந்த குறி ஒவ்வொன்றையும் மூடி, கனமான கருவிகளை நிறுவ வேண்டியிருந்தது. 2016இல் லினக்ஸ் கெர்னல் ஆவணங்கள் டாக்புக்கிலிருந்து எளிய உரைக்குறி முறைக்கு மாறத் தொடங்கின. 2021இல் ஃப்ரீபிஎஸ்டி ஆஸ்கிடாக்கிற்கு மாறியது. போஸ்ட்கிரெஸோ 2017இல் எஸ்ஜிஎம்எல்லை விட்டு எக்ஸ்எம்எல்லுக்கு வந்து அதிலேயே நீடிக்கிறது. மாறியவர்களும் 'ஒரே மூலம்' என்னும் கொள்கையைக் கைவிடவில்லை; எழுதுவோரின் சுமையை மட்டுமே குறைத்தனர். ஆனால் எளிய முறையில் கோப்புப்பெயரும் கட்டளையும் பெரும்பாலும் ஒரே குறியைப் பெறுகின்றன. அந்த அளவிற்குப் பொருள் வேறுபாடு மூலத்திலிருந்து மறைகிறது.

என் சொற்பட்டியல் இப்போது ஒரே கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவிலும் சொன்னவரின் குறியீடும் நாளும் உண்டு. ஆய்வேடும் கட்டுரையும் அதிலிருந்தே உருவாகின்றன. அந்த ஒரு வினைச்சொல்லின் பொருளை மட்டும் எந்த நிரலாலும் மீட்க முடியாது. அதைக் கேட்டறிய மீண்டும் அவ்வூருக்குச் செல்ல இருக்கிறேன்.