மாற்று வழியின் வரலாறு

கணிப்பொறிகள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ஈதர்நெட் முறை, 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாலோ ஆல்ட்டோ நகரில் தோன்றியது. செராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் என்னும் இருவர் அதனை அமைத்தனர். ஒளியைச் சுமந்து செல்வதாக முற்கால அறிவியலார் கருதிய ‘ஈதர்’ என்பதன் பெயரே அதற்கு இடப்பட்டது. அலுவலகங்களுக்கென எழுந்த அம்முறை இன்று ஆலைகளிலும் மின்நிலையங்களிலும் இரயில்களிலும் பணிபுரிகின்றது. அலுவலகத்தில் செய்தி தாமதித்தால் கடிதம் தாமதிக்கும். ஆலையில் தாமதித்தால் பொறியே நின்றுவிடும். எனவே, அறுந்த வழிக்கு மாற்று வழி காணும் முயற்சி அங்கே இன்றியமையாததாயிற்று.

மற்றொரு வடத்தை இழுத்துக் கட்டினால் போதுமே எனத் தோன்றலாம். இடர் அங்கேதான் இருந்தது. பல வடங்கள் வந்து கூடும் பெட்டியே சுவிட்ச் எனப்படுவது. எல்லார்க்கும் உரிய அறிவிப்பு ஒன்று வந்தால், வந்த வாயில் ஒழிய மற்றெல்லா வாயில்களிலும் அது படியெடுத்து அனுப்பும். சுவிட்சுகள் வட்டமாக இணைந்துவிட்டால் அவ்வறிவிப்பு சுற்றிச் சுற்றிப் பெருகும். இத்தனை பெட்டிகளைக் கடந்தபின் அழிக என்னும் ஆயுள் வரம்பு ஈதர்நெட் செய்திக்கு இல்லை. ஆதலின் சில நொடிகளில் வலை முழுதும் அடைபட்டுவிடும்.

இச்சிக்கலை 1985ஆம் ஆண்டு தீர்த்தவர் டிஜிட்டல் எக்யூப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் அம்மையார். அவர் வகுத்த முறைப்படி, சுவிட்சின் முன்னோடியான பிரிட்ஜ்கள் தம்முள் ஒன்றைத் தலைமையாகத் தேர்ந்து, அதை வேராகக் கொண்டு மரம்போல் வழிகளை அமைத்துக்கொள்ளும். மிகையான வழிகள் அடைபட்டு உறங்கும். கிளை ஒன்று முறிந்தால் உறங்கிய வழி விழிக்கும். இதனை விளக்க அவர் ஒரு கவிதையும் இயற்றினார் என்பது தமிழாசிரியர்க்கு உவப்பளிக்கும் செய்தியாகும். ஐ.இ.இ.இ. எனப்படும் பொறியாளர் கழகம் 1990இல் இம்முறையைப் பொதுத் தரமாக்கியது.

எனினும் உறங்கிய வழி விழித்தெழ 30 முதல் 50 நொடிகள் ஆயின. வலை அளவிறந்து வளர்ந்தால் கேடும் விளைந்தது. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், ஏழு படிகள் என்னும் வரம்பை மீறி வளர்ந்திருந்த வலை நிலைகுலைந்தது. மருத்துவர்கள் சில நாள் காகிதத்தில் எழுதியே பணியாற்ற நேர்ந்தது. ஒழுங்கு தவறிய மாற்று வழி காவாது என்பதற்கு இது சான்றாகும்.

ஆலைகளுக்கென ஜெர்மனியின் ஹிர்ஷ்மான் நிறுவனம் 1990களின் இறுதியில் வளைய முறையைக் கொணர்ந்தது. அவ்வழியில் எழுந்த பொதுத் தரத்தில், ஒரு சுவிட்ச் காவலனாய் நின்று வளையத்தின் ஒரு முனையை அடைத்து வைக்கும். சோதனைச் செய்திகளைச் சுற்றி அனுப்பும். அவை திரும்பாவிடில் அடைத்த முனையைத் திறந்துவிடும். 50 சுவிட்சுகள் கொண்ட வளையமும் நொடியின் ஐந்தில் ஒரு பங்கில் மீளும். மின்நிலையம் போன்றவற்றுக்கு அதுவும் போதாமையால், ஒரே செய்தியை இரு தனி வலைகளில் ஒருங்கே அனுப்பி, முந்தி வந்ததை ஏற்றுப் பிந்தியதைத் தள்ளும் முறையும் பிறந்தது.

செய்திக்கு மாற்று வழி இருந்தும் மின்சாரம் நின்றால் பயன் என்ன? பழைய தொலைபேசி, நிலையத்தின் மின்கலத்திலிருந்து 48 வோல்ட் மின்னழுத்தத்தைத் தன் கம்பி வழியே பெற்றதால், வீட்டில் விளக்கு அணைந்தாலும் பேசியது. அக்கருத்தே 2003இல் ஈதர்நெட் வடத்துக்கும் வந்தது. சுவிட்சின் ஒரு வாயில் அப்போது 15.4 வாட் வழங்கியது. 2009இல் அது 30 ஆகவும், 2018இல் 90 ஆகவும் உயர்ந்தது. வழங்குமுன் சிறு மின்னழுத்தம் செலுத்தி, எதிர்முனையில் ஏறத்தாழ 25,000 ஓம் தடை உள்ளதா எனச் சுவிட்ச் சோதிக்கும். தக்க கருவி இல்லையேல் மின்சாரம் வழங்காது.

ஒரு சுவிட்ச் இவ்வாறு பல கருவிகளுக்கு உயிரூட்டுவதால், அது வீழ்ந்தால் அவையும் உடன் வீழும். எனவே தொழிற்சாலைச் சுவிட்சுக்கு இரு மின்வாயில்கள் வைப்பர். ஒன்று கெட்டால் மற்றது தாங்கும். கெட்டதைத் தெரிவிக்க எச்சரிக்கை இணைப்பும் உண்டு. இவ்வெச்சரிக்கையே இன்றியமையாதது. துணை வழி ஓசையின்றி அழிந்தால் வேலை தடைப்படாது. ஆதலால் எவரும் அறியார். அடுத்த பழுது நேரும்போதே துணை இல்லை என்பது தெரியவரும். மாற்று வழியை அமைத்தல் ஒரு பணி. அது உயிரோடுள்ளதா எனக் கண்காணித்தல் ஓயாப் பணி.