சேர்வராயன் மலையும் பழங்குடிப் பொருள் விற்பனையும்

பழங்குடி மக்கள் செய்கிற, விளைவிக்கிற, காட்டில் சேகரிக்கிற பொருள்களை விற்று, அந்த வருவாயை அவர்களுடைய வாழ்வுக்கும் ஊர் நலப் பணிகளுக்கும் செலவிடும் முயற்சிகள் இங்கே பழங்குடிப் பொருள் விற்பனை எனப்படுகின்றன. சேலம் மாவட்டத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காடும் அதைச் சூழ்ந்த சேர்வராயன் மலையும் இம்முயற்சியின் நிறைகுறைகளைக் காட்டும் களம். இங்கு வாழும் மலையாளிகள் தமிழ் பேசும் பழங்குடியினர். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தாங்கள் என்பது அவர்களுடைய மரபுக்கதை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். அவர்களில் மலையாளிகளே மிகப் பெரிய பிரிவினர். ஒரு பொருளின் விற்பனை இத்தகைய மக்களுக்கு உதவியதா என்பதைப் பொருளின் அழகோ வாங்குபவரின் இரக்கமோ முடிவு செய்வதில்லை. பொருளின் பெயர், விலை, கடைசியில் மிஞ்சும் பணம் ஆகிய மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்பதே முடிவு செய்கிறது. இத்துறையின் வரலாறு திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

காபியும் கூட்டுறவும்

சேர்வராயன் மலையில் சந்தைக்கான விளைபொருள் காபியோடு தொடங்குகிறது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இங்கே காபியையும் பழ மரங்களையும் பயிரிடச் செய்தார். தொடர்ந்து ஐரோப்பியர் தோட்டங்கள் பெருகின. சாமை, ராகி, தினை விதைத்து வாழ்ந்த மலையாளிகளில் பலர் தோட்டக் கூலிகளாயினர். இன்று அவர்களில் பலர் தம் பட்டா நிலத்தில் காபி வைத்து, நிழல் மரங்களில் மிளகுக் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். ஆனாலும் சிறு விவசாயி பெரும்பாலும் மூலப்பொருளையே விற்கிறார். காபிப் பழத்தின் தோலை நீக்கிக் காயவைத்து, வறுத்து அரைத்துப் பொட்டலமிடும் ஒவ்வொரு கட்டத்திலும் விலை ஏறுகிறது. அந்த ஏற்றம் அந்தந்த வேலையைச் செய்பவருக்கே சேர்கிறது. அவசரத்துக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவருக்கு, அறுவடைக் காலத்தில் விலை பேசும் வாய்ப்பும் குறைகிறது.

இந்தப் பிடியைத் தளர்த்தும் நோக்கில், 1971இல் அமைக்கப்பட்ட பாவா குழுவின் பரிந்துரையை ஒட்டிப் பழங்குடிப் பகுதிகளில் பெரும்பல நோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. மக்கள் வழக்கில் இவை லேம்ப் சங்கங்கள். கடன், நியாயவிலைப் பொருள், சிறுவனப் பொருள் கொள்முதல் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவருவது இவற்றின் திட்டம். ஏற்காட்டிலும் இத்தகைய சங்கம் உண்டு. 1987இல் ட்ரைஃபெட் எனும் தேசிய அளவிலான பழங்குடிக் கூட்டுறவு இணையம் உருவானது. அதன் ‘ட்ரைப்ஸ் இந்தியா’ கடைகளில் முதலாவது 1999இல் தில்லியில் திறக்கப்பட்டது. சிறுவனப் பொருள்களின் மீது பழங்குடியினருக்கு உள்ள உரிமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஏற்றது. கடனும் கொள்முதலும் கடையும் சட்டமும் இப்படி அடுத்தடுத்து வந்தன. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை அதிகாரிகளின் பொறுப்பிலேயே நடந்தன. பொருளை அளந்து கொடுத்தவர்கள், அதற்கு என்ன விலை வைப்பது என்று பேசும் இடத்தில் அரிதாகவே இருந்தார்கள்.

கைவினைகளின் பாதை

நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணிக் கறுப்பு, சிவப்பு நூலால் பூவேலை செய்கிறார்கள். அதற்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் நீலகிரி உயிர்க்கோளப் பகுதியின் பழங்குடியினரைப் பங்குதாரர்களாகக் கொண்டு ‘ஆதிமலை’ உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கியது. தேன், காபி, மிளகு ஆகியவற்றை அது தன் பெயரிலேயே பதப்படுத்தி விற்கிறது. சேர்வராயனுக்குப் பக்கத்திலேயே, கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையில் தருமபுரி மாவட்டத்தின் சித்திலிங்கி இருக்கிறது. மலையாளிகள் மிகுதியாக வாழும் இப்பள்ளத்தாக்கில் 1993இல் ஒரு மருத்துவர் இணை தொடங்கிய பழங்குடி நல முயற்சி, சிறு குடிசையில் பிறந்து மருத்துவமனையாக வளர்ந்தது. அதன் துணையோடு இயற்கை வேளாண் சங்கமும், 2006 முதல் அங்கு வாழும் லம்பாடிப் பெண்களின் ‘போர்கை’ பூவேலைக் குழுவும் உருவாயின. ஒருசில மூதாட்டிகளின் விரல்களில் மட்டும் எஞ்சியிருந்த தையலை இளம் பெண்கள் கற்றார்கள். கூலிக்காக ஊர்விட்டுப் போகாமல் வீட்டிலிருந்தே சம்பாதிக்க அது வழி செய்தது.

சேர்வராயன் மலையாளிகளுக்குத் தோடர் பூவேலை போலச் சந்தையில் பெயர் பெற்ற கைவினை அமையவில்லை. இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆந்திரத்தின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடியினர் விளைவிக்கும் காபி 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்கு முன்பே பாரிஸில் அதன் பெயரில் கடை இருந்தது. ஓவியமும் துணியும் போலவே காபியும் ஒரு மக்களின் பெயரைச் சுமந்து நல்ல விலை பெறலாம் என்பதற்கு அது சான்று.

ஆஸ்திரேலியப் பாடம்

பொருளும் ஊர் நலமும் எப்படி இணையலாம் என்பதைத் தெளிவாகக் காட்டியது ஆஸ்திரேலியா. அதன் மேற்குப் பாலைவன ஓவியர்கள் 1972இல் தாங்களே உரிமையாளர்களாக ‘பாபுன்யா துலா’ நிறுவனத்தை அமைத்தார்கள். சிறுநீரக நோயாளிகள் ரத்தச் சுத்திகரிப்புக்காக அந்தப் பாலைவனத்தின் கின்டோர் ஊரைவிட்டு 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் போய்த் தங்க வேண்டியிருந்தது. 2000இல் ஓவியர்கள் தம் படங்களை சிட்னியில் ஏலம் விட்டு 10 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். 2004இல் சொந்த ஊரிலேயே சிகிச்சை தொடங்கியது. அதே நாட்டில், இந்தோனேசியாவில் செய்த பொருள்களைப் பழங்குடிக் கலை என்று தோன்றும்படி விற்ற நிறுவனத்துக்கு 2019இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. முதல் விற்பனையில் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஓவியர்களே முடிவு செய்தார்கள். இரண்டாவதில் பழங்குடிக் கலைஞர்களுக்கு இடமே இல்லை; அவர்களுடைய பெயர் மட்டும் விலைபோனது.

மறுப்புகள்

மருத்துவமும் கல்வியும் அரசின் கடமை. பூவேலை விற்று மருத்துவமனை நடத்தச் சொல்வது அந்தக் கடமையை ஏழைகள் தலையில் கட்டுவதாகும் என்பது வலுவான மறுப்பு. கடமை அரசுடையதே. ஆனால் கின்டோரில் மக்கள் பணம் அரசை விலக்கவில்லை. செய்து காட்டி அரசை இழுத்துவந்தது. தொலைதூர ஊர்ச் சிகிச்சைக்கு 2018இல் பொது மருத்துவக் காப்பீட்டிலேயே இடம் கிடைத்தது. சந்தை கலையைக் கெடுக்கும் என்பது இன்னொரு மறுப்பு. வாங்குபவர் விருப்பத்துக்காக வடிவங்கள் மாறுவது உண்மை. எனினும் சித்திலிங்கியில் தையல் மறையத் தொடங்கியது விற்பனை இல்லாத காலத்தில்; மீண்டது விற்பனையோடு. எதை விற்பது, எதைச் சடங்குக்கென்று வைத்துக்கொள்வது என்பதைச் செய்பவர்களே முடிவு செய்யும்போது சேதம் குறைகிறது. வியாபாரி இல்லாமல் நகரச் சந்தையை எட்ட முடியாது என்பது மூன்றாவது. வியாபாரி தேவைதான், ஆதிமலை போன்ற நிறுவனங்களும் கடைகளின் துணையோடுதான் விற்கின்றன. கணக்கும் பெயரும் மக்களிடம் இருக்கும் வரை அந்தத் துணை சுரண்டலாக மாற இடம் குறைவு.

புவிசார் குறியீட்டுச் சான்றிதழும் தானாகக் காவல் காக்காது. போலி வரும்போது வழக்கு தொடுக்க அமைப்பும் பணமும் வேண்டும். சேர்வராயன் மலையில் நிலமும் காபியும் மிளகும் ஆண்டு முழுதும் ஏற்காட்டுக்கு வரும் பயணிகளும் ஏற்கெனவே உண்டு. இனி வேண்டியது, மலையாளிகளே பங்குதாரராகி நிர்வகிக்கும் பதப்படுத்தும் கூடமும், அறுவடைக்கு முன் தேவைப்படும் கடனும், மலையின் பெயரை அவர்களுக்கு உரித்தாக்கும் குறியீடும்தான். இவை அமைந்தால், ஏற்காட்டில் விற்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் மிச்சத்தையும் எந்த ஊரின் பள்ளிக்கு, எந்தக் கிராமத்தின் மருத்துவத்துக்குக் கொடுப்பது என்பதை அந்த மலையின் மக்களே தீர்மானிப்பார்கள்.