ஒரு ஓக்குன்னா எத்தனை கோடி? துபாஷிகள் பற்றி ஒரு குறிப்பு

போன மாசம் தாடிக்கொம்பு வீட்டு மாடியில் உட்கார்ந்து ஜப்பான் முதலீட்டு நிறுவனம் ஒன்றுடன் வீடியோ காலில் இருந்தேன். அவர்கள் சொன்னது மூணு ஓக்கு யென். மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் முப்பது மில்லியன் என்றார். திரையில் இருந்த அட்டவணையைப் பார்த்ததால் தப்பித்தோம்.

ஜப்பானியர் நான்கு பூஜ்யத்துக்கு ஒரு பெயர் மாற்றுவார்கள். 10,000 ஒரு மான். 10,000 மான் ஒரு ஓக்கு, அதாவது நம்ம 10 கோடி. மூணு ஓக்கு 300 மில்லியன். அந்தப் பெண்ணுக்கு இரண்டு மொழியும் அத்துப்படி. பணக்கணக்குதான் பழக்கமில்லை.

இரண்டையும் அறிந்த ஆட்கள் ஒருகாலத்தில் இங்கே இருந்தார்கள். துபாஷி என்று பெயர். 'துவிபாஷி', இருமொழி அறிந்தவர் என்பதிலிருந்து வந்த சொல். வெறும் பேச்சை மாற்றிச் சொல்கிற வேலை இல்லை அது. சென்னையில் ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. கூடவே ரூபாயும் ஓடியது. இந்தக் கணக்கெல்லாம் விரல் நுனியில் இருக்கணும். சொந்தமாக வியாபாரம் செய்த வெள்ளைக்காரர்களுக்குக் கடனும் கொடுத்தார்கள். கமிஷன் வேறு.

சிக்கலும் அங்கேதான். பேச்சை மாற்றிச் சொல்பவருக்கே பேரத்தில் பங்கு இருந்தால், அவர் சொல்வது சரியா என்று யார் பார்ப்பது?

புதுச்சேரியில் துய்ப்ளே கவர்னராக இருந்தபோது 1747-ல் தலைமை துபாஷி ஆனவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவரே பெரிய வணிகர். ஆனால் கவர்னரின் மனைவி புதுச்சேரியில் பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். துபாஷி வாய் வழியாகத்தான் எல்லாம் போகணும் என்ற நிலை அங்கே இல்லை. அந்த அம்மாள் மேல் பிள்ளைக்கு இருந்த எரிச்சலை நாட்குறிப்பில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். 1736-ல் தொடங்கி, 1761-ல் சாகும் காலம் வரை போகிறது அது. பேச்சுத் தமிழிலேயே எழுதியிருக்கிறார்.

சென்னை துபாஷி பச்சையப்ப முதலியார் 1794-ல் இறந்தார். அவர் தர்மத்துக்கு எழுதி வைத்த சொத்து வழக்கில் மாட்டியது. அதிலிருந்து பள்ளி பிறக்க 1842 ஆகிவிட்டது. அதுதான் பின்னால் பச்சையப்பன் கல்லூரி.

எங்கள் மொழிபெயர்ப்பாளருக்குப் பேரத்தில் பங்கு இல்லை. அதனால் அவர் தவறு வெறும் தவறுதான். இப்போதெல்லாம் எண்களை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறோம். இரண்டு பக்கமும் பூஜ்யத்தை எண்ணிப் பார்த்த பிறகுதான் பேச்சு.

திண்டுக்கல் பக்கம் துபாஷி வேலை பார்த்த குடும்பம் பற்றி யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.