எஞ்சினுக்குள் வந்து உட்கார்ந்த கணக்கர்

போன வாரம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது உள்ளங்கை அகலத்தில் ஒரு தகரப் பெட்டி கையில் அகப்பட்டது. "இது என்ன தாத்தா, பழைய ரேடியோவா?" என்று பேத்தி கேட்டாள். கார் எஞ்சினின் கம்ப்யூட்டர் என்றேன். நம்மிடம் கார் இல்லாதபோது இது மட்டும் எதற்கு என்றாள். நியாயமான கேள்விதான். அவளுக்குச் சொன்ன பதிலை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நடுவில் சரித்திரமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இளவயதில் எஞ்சின் மாற்றுவது என்பது தச்சுவேலை மாதிரியான ஒரு கைவேலை. 1973 அரபு–இஸ்ரேல் போருக்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியது நினைவிருக்கும். டாக்ஸி வைத்திருந்தவர்கள் அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். செயின் பிளாக், மரக்கட்டை, வெல்டிங், நாலு கெட்டிக்கார ஆட்கள் இருந்தால் போதும். எஞ்சினுக்குப் போகும் ஒயர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஸ்டார்ட்டருக்கு ஒன்று, டைனமோவுக்கு இரண்டு மூன்று, ஆயில் விளக்குக்கு ஒன்று, சூடு காட்டும் முள்ளுக்கு ஒன்று, பெட்ரோல் வண்டியானால் காயிலுக்கு ஒன்று. மேஸ்திரியின் காதுதான் பரிசோதனைக் கருவி. சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார்.

இந்த உலகத்துக்குள் கம்ப்யூட்டர் நுழைந்த கதை 1967-இல் தொடங்குகிறது. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் டி-ஜெட்ரானிக் என்ற மின்னணுப் பெட்ரோல் பாய்ச்சும் முறையை ஃபோக்ஸ்வாகன் 1600 காரில் கொண்டு வந்தது. 'டி' என்பது அழுத்தம் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. எஞ்சின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை அளந்து, பெட்ரோல் எவ்வளவு வேண்டும் என்று அது தீர்மானித்தது. அமெரிக்காவின், குறிப்பாகக் கலிபோர்னியாவின், புகைக் கட்டுப்பாடுதான் இதற்கு முக்கியக் காரணம். 1969-இல் சித்ரோயன் டி.எஸ். 21 காரிலும் இதே முறை வந்தது. அந்தப் பெட்டியில் இன்றுபோல நுண்செயலி கிடையாது, டிரான்சிஸ்டர்கள்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பெட்டியைக் 'கல்குலத்தேர்' என்கிறார்கள். கணக்குப் போடுகிறவர் என்று பொருள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு ஆயுள் முழுக்க அரசாங்கக் கோப்பு தள்ளிய எனக்கு அந்தப் பெயர் உடனே பிடித்துப்போயிற்று. அடைத்த அறையில் உட்கார்ந்திருக்கும் கணக்கர் அவர். வெளியே மழையா வெயிலா என்று எட்டிப் பார்க்க முடியாது. மேஜைக்கு வரும் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பித்தான் உத்தரவு போட வேண்டும். எஞ்சின் சூடு, காற்றழுத்தம், ஆக்சிலேட்டர் நிலை, கிராங்க் சுழற்சி, புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜன் ஆகியவைதான் அவருக்கு வரும் காகிதங்கள். ஒயர்கள்தான் பியூன்கள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1979-இல் பெட்ரோல் பாய்ச்சுவதையும் ஸ்பார்க் கொடுப்பதையும் ஒரே பெட்டியில் சேர்த்த மோட்ரானிக் வந்தது. 1986-இல் கேன் என்ற பொதுக் கம்பி முறையை போஷ் அறிமுகம் செய்தது. பல பெட்டிகள் ஒரு ஜோடி ஒயரில் பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. 1996-இல் அமெரிக்காவின் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான 16 முனை பரிசோதனைக் கப்ளர் கட்டாயமானது. நம் நாட்டில் 'இந்தியா 2000' புகை விதிகள் வந்த பிறகு கார்பரேட்டர் மெல்ல விடைபெற்றது. எம்.பி.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் கார்களின் முதுகில் பெருமையாக ஒட்டப்பட்டன.

இனி என் கதை. என்னிடம் 1994 மாடல் சின்னக் கார் ஒன்று இருந்தது, கார்பரேட்டர் வண்டி. 2007-இல் எஞ்சின் பிடித்துக்கொண்டது. முப்பது வருஷமாக என் வண்டிகளைப் பார்த்து வந்த மேஸ்திரி, "புதுப்பேட்டையில ஆக்சிடென்ட் வண்டி எஞ்சின் கிடைக்குது சார், எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின். ஒயரிங், கம்ப்யூட்டர், டேங்க் பம்ப்பு எல்லாம் செட்டா வாங்கிடலாம்" என்றார். சரி என்றேன். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணை மாற்றிப் பதிய வேண்டிய காகித வேலையை நான் பார்த்துக்கொண்டேன். மூன்று நாளில் எஞ்சின் உட்கார்ந்துவிட்டது. முதல் சாவியிலேயே கிளம்பியது. தெருவே கை தட்டாத குறை.

நாலாம் நாள் மாலை ராஜா தியேட்டர் சிக்னலில் கறுப்பாகப் புகை விட்டு நின்றது. மறுநாள் காலை ஒன்றும் நடக்காததுபோல ஓடியது. சாயங்காலம் மறுபடி நின்றது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் கரி. பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று மேஸ்திரி சரியாகவே சொன்னார். ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார். தீரவில்லை. "கம்ப்யூட்டர்தான் போயிடுச்சு சார்" என்று தன் கைப்பணம் 4,500 ரூபாய் போட்டு இன்னொரு பெட்டி வாங்கி வந்து மாட்டினார். அன்று இரவு கடற்கரைச் சாலையில் மனைவியோடு நடுத்தெருவில் நின்றேன். மறுநாள் பட்டறைக்குப் போய், அவருடைய பையன்கள் முன்னாலேயே, "தெரியாத வேலையை எதுக்கு மேஸ்திரி கையில எடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. அலுவலகப் பழக்கத்தில் ஒரு நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தேன். வண்டி நின்ற நாள், மணி, எத்தனை கிலோமீட்டர் ஓடியபின், ஹெட்லைட் எரிந்ததா, ரேடியேட்டர் விசிறி சுற்றியதா என்று. பதினோரு பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எஞ்சின் சூடேறியிருந்தது. ஒன்பதில் விளக்கு எரிந்தது, மீதி இரண்டில் விசிறி ஓடியது.

பாரிசில் இருக்கும் மச்சான் எப்போதோ கொண்டுவந்த பழைய பிரெஞ்சு ரிப்பேர் புத்தகம் ஒன்று வீட்டில் இருந்தது. வேறு காருக்கானது, ஆனால் மின்சாரம் எல்லாக் காருக்கும் ஒன்றுதானே. நாம் எர்த் என்பதை அதில் 'மாஸ்' என்று எழுதியிருந்தார்கள். காரின் இரும்பு உடம்பு முழுவதுமே பேட்டரிக்குத் திரும்பும் பாதை என்ற அர்த்தத்தில். எர்த்தைச் சோதிக்க வேண்டுமானால் மின்சாரம் நன்றாக ஓடும்போது வோல்ட் அளக்க வேண்டும், சும்மா இருக்கும்போது அல்ல என்று ஒரு வரி.

காலையில் மல்டிமீட்டரோடு போனேன். மேஸ்திரி முகம் கொடுக்கவில்லை. "ஒரே ஒரு தடவை" என்று கேட்டுக்கொண்டேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று கார் பாடியில். விளக்கு இல்லாதபோது கிட்டத்தட்டப் பூஜ்யம். ஹெட்லைட்டும் விசிறியும் போட்டதும் 1.1 வோல்ட். கால் வோல்ட்கூட இருக்கக்கூடாத இடம் அது. மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்தார். பழைய எஞ்சினிலிருந்து பாடிக்குப் போன, சடைபோலப் பின்னிய செம்புப் பட்டை, பேட்டரித் தட்டுக்குக் கீழே அநாதையாகத் தொங்கியது. புது எஞ்சினில் அந்த இடத்தில் போல்ட் துளை இல்லாததால் யாரும் மாட்டவில்லை.

விளக்கு மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல், கம்ப்யூட்டரின் மெல்லிய எர்த் ஒயர் வழியாக எஞ்சினுக்குப் போயிருக்கிறது. கம்ப்யூட்டரின் பூஜ்யமே மேலே ஏறிவிட்டது. ஆக்சிஜன் சென்சார் ஒரு வோல்ட்டுக்குள் பேசுகிற ஆள். அந்த வகைச் சென்சாருக்கு எஞ்சின் உடம்புதான் எர்த். அரை வோல்ட் தப்பினால், பெட்ரோல் அதிகம் என்று அது சொல்வது, பெட்ரோல் குறைவு என்று கம்ப்யூட்டருக்குக் கேட்கும். உடனே இன்னும் ஊற்றும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அந்தச் சென்சாரைக் கம்ப்யூட்டர் கேட்பதே இல்லை. காலையில் நன்றாக ஓடிய மர்மம் அதுதான்.

மேஸ்திரியும் எர்த்தைச் சோதிக்காமல் இல்லை. டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்திருந்தார், எரிந்தது. சின்ன பல்புக்கு மெல்லிய ஒயர் போதும். பழைய காலத்துக் கார் முழுக்க அந்தச் சோதனை அவரைக் கைவிட்டதில்லை. கணக்கர் வந்த பிறகு அரை வோல்ட்டுக்கும் கணக்கு உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பயிற்சி எல்லாம் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருந்தவர்களுக்குத்தான். தெருப் பட்டறைக்கு வந்தது பழியும் நஷ்டமும் மட்டும்.

பட்டையை மாட்டி, பழைய பெட்டியையே திரும்பப் போட்டார். வண்டி ஓடியது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஓடியது. எஞ்சின் மாற்றிய வண்டியில் முதலில் பேட்டரி, பிறகு கம்ப்யூட்டருக்கு வரும் கரண்ட், பிறகு எர்த், பிறகு கப்ளர்கள், சென்சார்கள், எல்லாம் முடிந்த பின்தான் கம்ப்யூட்டர் என்று அன்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். அதைப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

விற்ற கடைக்காரர் இரண்டாவது பெட்டியைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். அந்த 4,500 ரூபாயை நான் கொடுத்தபோது மேஸ்திரி வாங்க மாட்டேன் என்றார். "நான் சொன்ன வார்த்தைக்கு அபராதம்னு வெச்சுக்கங்க" என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்படின்னா பெட்டியும் உங்களதுதான் சார்" என்று சொல்லி, பணத்தை வாங்கிக்கொண்டு பெட்டியைக் கையில் கொடுத்தார்.

மேஸ்திரி இப்போது இல்லை. பேத்தி அந்தப் பெட்டியைத் துடைத்து மறுபடி அலமாரியிலேயே வைத்துவிட்டாள்.