செம்மண் ஊரில் மடக்கு போன்

பண்ருட்டியிலிருந்து வடலூர் போகும் சாலையில் காடாம்புலியூர் வந்துவிட்டதா என்று பலகை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாலையோரம் முந்திரிக் கடைகள், அவற்றுக்குப் பின்னால் செம்மண் கொல்லைகள், கோடையில் குவித்துப் போட்ட பலாப்பழங்கள். தெற்கே 1957-இல் மண்ணைப் புரட்டத் தொடங்கிய நெய்வேலிச் சுரங்கம். இது போதாதென்று விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை வேலையும் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. வெள்ளைச் சட்டையோடு பைக்கில் பண்ருட்டி போய்வந்தால் சட்டை காவியாகிவிடும்.

இந்த ஊரில் மடக்கு போன் வாங்க நினைப்பவர் விலையை விசாரிப்பதற்கு முன் தூசியைப் பற்றி விசாரிக்க வேண்டும். 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி இசட் ஃபிளிப்6-இன் பாதுகாப்புத் தரம் ஐபி48. பின்னால் உள்ள 8 தண்ணீருக்கு. ஒன்றரை மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் பிழைக்கும். முன்னால் உள்ள 4 தூசிக்கு. ஒரு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பருமனுள்ள பொருள் உள்ளே போகாது என்பதுதான் அதற்கு அர்த்தம். காடாம்புலியூர்க் கொல்லையில் காற்றோடு பறக்கும் மண்ணில் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள துகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மடக்கும் ஆசை கைபேசிக்கும் முந்தையது. இத்தாலியில் மார்கோ சனூசோவும் ரிச்சர்ட் சாப்பரும் 1960-களின் நடுவில் ‘கிரில்லோ’ என்ற வீட்டுத் தொலைபேசியை வடிவமைத்தார்கள். மூடிவைத்தால் உள்ளங்கையில் அடங்கும். எடுத்தால் வாய்ப்பகுதி கீழே விரியும். காதுக்கும் வாய்க்கும் இடையிலுள்ள தூரத்தை யாராலும் குறைக்க முடியாது, பேசாத நேரத்தில் அந்த நீளத்தை மடித்து வைக்கலாமே என்பது கணக்கு. அதே கணக்கைத்தான் மோட்டோரோலா கைபேசிக்குக் கொண்டுவந்தது. 1989-இல் அதன் மைக்ரோடாக் போனில் பொத்தான்களை மூட ஒரு சிறு கதவு இருந்தது. 1996 ஜனவரியில் வந்த ஸ்டார்டாக் முழு உடலையும் இரண்டாக மடித்தது. எடை 88 கிராம். அமெரிக்காவில் விலை சுமார் ஆயிரம் டாலர்.

அப்போது இந்தியாவில் கைபேசிக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் நாட்டின் முதல் கைபேசி அழைப்பு. சென்னையில் ஸ்கைசெல், ஆர்பிஜி என்று இரண்டு கம்பெனிகள் கடை விரித்தன. உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல். வரும் அழைப்புக்கும் காசு. போன் அடித்தால் எண்ணைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடியவர்கள் உண்டு. மூடியைப் படக்கென்று சாத்தினால் பேச்சும் கட்டணமும் ஒருசேர நிற்கும் என்பது மடக்கு போனுக்கு அன்றைக்கு ஒரு தனிக் கவர்ச்சி. சென்னைக்காரர்கள் பர்மா பஜாரில் பில் இல்லாமல் வாங்கினார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்குச் சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் உறவினரின் பெட்டியைத் திறக்கும்போதுதான் தரிசனம்.

கடலூர் மாவட்டத்துக் கிராமங்களுக்கு இவையெல்லாம் எட்டியே நின்றன. நிலைமையை மாற்றியது 2003. அந்த ஆண்டு மே 1 முதல் அழைப்பவர் மட்டும் காசு கட்டினால் போதும் என்றாயிற்று. ஜூலையில் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்தில் போனைக் கையில் கொடுத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் நோக்கியா 1100 வந்தது.

நோக்கியா 1100-ஐப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். அதில் மடிப்பு இல்லை, கேமரா இல்லை, வண்ணத் திரையும் இல்லை. தலையில் ஒரு டார்ச் விளக்கு இருந்தது. பொத்தான்களின் மேல் இடைவெளியில்லாத ஒரே ரப்பர் விரிப்பு. தூசி எளிதில் நுழையாது. தூசியும் ஈரமும் உள்ள நாடுகளை மனத்தில் வைத்தே செய்த போன் அது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்றது. முந்திரி உடைக்கும் கொட்டகையில் தோட்டெண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போகும். பலாச்சுளை எடுப்பவர் விரலில் பால் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட விரலாலும் அழுத்தி, வேட்டி நுனியால் துடைத்துப் பையில் போட்டுக்கொள்ள ஏற்ற பொருளாக அது அமைந்தது. இந்தச் சீமைக்குப் பொருந்திய போன் என்று ஒன்றைச் சொல்வதென்றால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகளில் அதே காலம் மடக்கு போனின் பொற்காலம். சாம்சங்கின் டி100, 2002-இல் வந்து ஒரு கோடிக்கு மேல் விற்றது. 2004-இல் மோட்டோரோலா ரேசர் வி3 வந்தது. 14 மில்லிமீட்டர்கூட இல்லாத தடிமன், உலோக உடல். ரேசர் வரிசை மொத்தமாக 13 கோடி விற்றது என்பார்கள். நோக்கியா மட்டும் நெடுநாள் மடிக்க மறுத்தது. அமெரிக்காவில் அந்தப் பிடிவாதம் அதற்குச் சந்தையையே இழக்க வைத்தது. இந்தியாவில் அதே பிடிவாதம் அதை ராஜாவாக்கியது. வேடிக்கை என்னவென்றால் மோட்டோரோலா, நோக்கியா இரண்டுமே ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்தன. 2006-இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் சுற்று மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1 அன்று அது மூடப்பட்டது.

அந்தக் கால மடக்கு போனுக்கு ஒரே இடத்தில்தான் நோய் வரும். மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் இணைக்கும் மெல்லிய நாடா, கீலுக்குள் மடங்கி மடங்கி ஒருநாள் அறுந்துபோகும். திரை வெள்ளையாகும், அல்லது எதிராளியின் குரல் கேட்காது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரி வாங்கிவந்து சிறு கடைக்காரரே மாற்றிவிடுவார். இன்றைய மடக்கு போனோடு ஒப்பிட இந்த விவரம் முக்கியம். அன்று மடங்கியது நாடா. இன்று மடங்குவது திரையேதான்.

2007-இல் ஐபோன் வந்தபின் பொத்தான்களும் கீல்களும் காணாமல் போயின. மூன்றரை அங்குலத்தில் தொடங்கிய திரை ஆறே முக்கால் அங்குலத்தையும் தாண்டி வளர்ந்தது. சட்டைப் பையில் வைத்தால் பாதி வெளியே துருத்தி நிற்கும். மரத்தடியில் குனிந்து முந்திரிக்கொட்டை பொறுக்கினால் தலைகுப்புற விழும். அன்று காதுக்கும் வாய்க்கும் உள்ள தூரத்துக்காக மடித்தார்கள் என்றால், இப்போது திரைக்காக மடிக்க வேண்டியதாயிற்று.

2019 பிப்ரவரியில் சாம்சங் அறிவித்த கேலக்ஸி ஃபோல்டு, ஏப்ரலில் விமர்சகர்கள் கையிலேயே பழுதானது. சிலர் திரைமேல் இருந்த மெல்லிய படலத்தை ஸ்டிக்கர் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். சில போன்களில் கீல் வழியாகத் துகள் புகுந்தது. திருத்தம் செய்து செப்டம்பரில் விற்பனைக்கு விட்டார்கள். இந்திய விலை 1,64,999 ரூபாய். 2020 பிப்ரவரியில் செங்குத்தாக மடியும் முதல் இசட் ஃபிளிப் 1,09,999 ரூபாய்க்கு வந்தது. கீலுக்குள் தூசியைத் தடுக்க நுண்ணிழைத் தூரிகை ஒன்றை வைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபிளிப்3 தண்ணீரைத் தாங்கும் ஐபிஎக்ஸ்8 தரத்தோடு 84,999 ரூபாய்க்கு வந்தது. அந்த ‘எக்ஸ்’ இருக்கும் இடம் தூசிச் சோதனைக்கு உரியது. அங்கே எண்ணே இல்லை. எண் என்று ஒன்று ஏற மேலும் மூன்றாண்டு ஆயிற்று.

பையில் வைக்கும் சுகம் மறுக்க முடியாதது. விரித்தால் 165 மில்லிமீட்டர் உயரமுள்ள ஃபிளிப்6 மடித்தால் 85-க்கு இறங்குகிறது. தடிமன் இரட்டிப்பாகும், 187 கிராம் எடை எப்படி மடித்தாலும் குறையாது. வெளித்திரையிலேயே நேரம், செய்தி, யார் அழைக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். பாதி மடித்து மேசையில் வைத்தால் தாங்கி இல்லாமலே குடும்பப் படம் எடுக்கலாம். கல்யாண வீட்டில் இதற்கு மதிப்பு உண்டு.

பேட்டரியில் இடிக்கிறது. இரண்டு பாதிகளில் பிரித்து வைக்க வேண்டியிருப்பதால் ஃபிளிப்3-இல் 3,300, ஃபிளிப்6-இல் 4,000 மில்லி ஆம்பியர்-மணிதான். பதினைந்தாயிரம் ரூபாய்ப் போனிலேயே 5,000 கிடைக்கிறது. இந்தப் பக்கத்து மக்கள் இதைச் சும்மா விடமாட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது, நெய்வேலி மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர்களிலேயே வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் நாள்கணக்கில் உயிரோடு இருந்த பட்டன் போனின் அருமை அப்போது தெரிந்தது.

முதல் இசட் ஃபிளிப்பில் உள்திரையின் கண்ணாடி சுமார் 30 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று பங்கு. அதன்மேல் பிளாஸ்டிக் படலம். படலம் மடிப்பில் குமிழ் விட்டு உரிவது ஓரிரு ஆண்டில் பலருக்கும் நேர்கிறது. இரண்டு லட்சம் முறை மடித்துப் பார்த்தோம் என்று கம்பெனி சொல்கிறது. நாளுக்கு நூறு முறை என்றால் ஐந்தரை ஆண்டு. மடித்துப் பார்த்த இயந்திரம் சுத்தமான கூடத்தில் நின்றது, முந்திரிக் கொட்டகையில் அல்ல. உள்திரை போனால் மாற்றும் செலவில் ஒரு நல்ல நடுத்தரப் போனே வாங்கிவிடலாம். அந்த வேலையை ஊர்க் கடைக்காரரிடம் கொடுக்கவும் முடியாது.

ஆகவே முந்திரி மண்டிக் கல்லாவில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஆப்பிரிக்கக் கொட்டையின் விலை விசாரிப்பவருக்கு மடக்கு போன் ஒத்துவரும். கொல்லைக்கும் கொட்டகைக்கும் நடப்பவருக்கு ஒத்துவராது. ஆசை விடவில்லை என்றால் புது மாடலுக்கு ஓடாமல் ஓராண்டு பொறுக்கலாம். 2023-இல் 59,999 ரூபாய்க்கு வந்த மோட்டோரோலா ரேசர் 40, அடுத்த ஆண்டே 45,000 ரூபாய்ப் பக்கம் கிடைத்தது. மிச்சமாகும் பணத்தில் திரைக்குக் காப்பீடு எடுத்துவிடலாம்.

தூசி உள்ளே போகவே போகாது என்று உறுதி சொல்லும் 6 என்ற எண்ணை, மடங்கும் போன்களில் முதலில் எட்டியது 2025-இல் வந்த கூகுள் பிக்சல் 10 ப்ரோ ஃபோல்டு. அது புத்தகம்போல் விரியும் ரகம். வந்தபோது விலை 1,72,999 ரூபாய்.